அப்பாவின் வெறும் வயிறு

1

திங்கட்கிழமை காலை இரத்தம் கொடுக்கப் போய், கொடுக்காமல் திரும்பி வந்தேன்.

பிரான்ஸில், தூலூஸ் நகரில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளி ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. வருடாந்திரச் சோதனை, பெரிதாக ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அப்படித்தான் போனேன். நான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்ட பிறகு, ஊசி போடும் பெண் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். நேற்று இரவு என்றேன். ஏதாவது குடித்தீர்களா என்றாள். காலையில் டீ. பால் சேர்த்தா? பால் சேர்க்காமல் டீ எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். சர்க்கரை? போட்டேன். அவள் ஊசியை உறை பிரிக்காமல் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள்.

"அப்படியானால் நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள், மதாம்."

வாதாடினேன். கோபம் வந்தால் என் பிரெஞ்சு நொண்ட ஆரம்பித்துவிடும். நான் குடித்தேன், சாப்பிடவில்லை, குடித்தேன் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாக, நாளைக்கு வாருங்கள், தண்ணீர் மட்டும் என்றாள். பின்னால் காத்திருந்த கிழவர் எனக்காக வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரியையும் பார்த்தேன். இப்போது விமானப் பாகங்களுக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அப்படிப்பட்ட என்னை ஒரு டம்ளர் டீ தோற்கடித்துவிட்டது என்று டிராமில் திரும்பி வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பும் உதவவில்லை.

2

அப்பா பெயர் ஆரோக்கியசாமி. வில்லியனூருக்கு மேற்கே, மாதா கோயில் மணியை வைத்து நேரம் சொல்லும் ஊர் எங்களுடையது. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மா லூர்துமேரிக்கு அதுவும் கிடையாது. அண்ணன் அந்தோணி எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு இப்போது சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறான். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் கொண்டு வருவதும் அவன்தான். நான் இங்கிருந்து பேசுகிறேன். இதுதான் எங்களுக்குள் வேலைப் பங்கீடு.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு முதுகு வலித்தது. கரும்புக் கட்டு தூக்கியதால் என்று எல்லோரும் நம்பினோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டார், ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாவில் ஆண்டுதோறும் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பவர் அந்த வருடம் ஓரமாக நின்று பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் அவரை வண்டியில் ஏற்றிப் பாண்டிக்குக் கொண்டுபோனான். புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போயிருந்தது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, ஆனால் வருடக்கணக்கில் அடக்கி வைக்க முடியும் என்று டாக்டர் சொன்னார்.

ஆணுக்கு உரிய சுரப்புதான் அந்த நோய்க்குத் தீனி. அதை நிறுத்த இரண்டு வழி. விதைகளை அறுவை செய்து எடுத்துவிடுவது ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்வது இன்னொன்று. இதைப் பற்றி அப்பாவிடம் நான்தான் பேசவேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். படித்தவள் நீதானே என்றான். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ இந்த உறுப்புகளின் பெயரை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வேன். தமிழில், அதுவும் பெற்ற தகப்பனிடம், நாக்கு எழவில்லை.

"ப்பா, டாக்டரு ரெண்டு வழி சொன்னாங்கல்ல."

"ம்."

"ஆப்பரேசன் பண்ணி எடுத்துடறது ஒண்ணு. ஊசி ஒண்ணு."

திரையில் அப்பாவின் முகம் போய் மின்விசிறி வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேனு நல்லா ஓடுதுப்பா."

"ஊசியே போட்டுக்கறன்னு அந்தோணிகிட்ட சொல்லிட்டம்மா," என்று மின்விசிறியிலிருந்து குரல் வந்தது.

ஊசி வேலை செய்தது. வலி குறைந்தது. அப்பா மறுபடி வயலுக்குப் போனார். பக்கவிளைவாக உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வியர்த்தது. அம்மாவுக்கு அதில் ஒரு தனித் திருப்தி.

"எனக்கு மாதவிடா நின்னப்ப, இந்த மாரி அனலு அடிக்குதுன்னு சொன்னா, சும்மா கத்தாத படுடின்னாரு," என்றாள் என்னிடம், அவர் காதில் விழும்படி. "இப்ப பாரு, துண்ட நனச்சிப் போட்டுக்கினு குந்தியிருக்காரு. கேளு, எப்பிடி இருக்குதுன்னு கேளு."

"தப்புதான் தாயே, வுட்டுடு," என்று அப்பாவின் குரல் கேட்டது.

புற்றுநோய் வந்த வீட்டில் இப்படிச் சிரிப்பார்களா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சிரித்தார்கள்.

3

ஒன்றரை வருடம் ஆனபோது இரத்தத்தில் பிஎஸ்ஏ என்கிற அளவு மறுபடி ஏறியது. அண்ணன் அதைப் 'பாயின்ட்' என்பான். "பாயின்ட் ஏறுதுடி," என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்தான். ஊசியோடு சேர்த்து மாத்திரை தொடங்கினார்கள். வெள்ளை மாத்திரை நான்கு, வெறும் வயிற்றில். அதற்கு முன் இரண்டு மணி நேரமும் பின் ஒரு மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. கூடவே ஒரு சின்ன மாத்திரை, அது சாப்பாட்டுக்குப் பிறகு.

நான் விடவில்லை. அந்த மருந்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன்.

"மாத்தர வெறும் வயித்துலதானப்பா போடற?"

"வெறும் வயித்துலதாம்மா. போட்டுட்டு ஒரு மணி நேரம் பச்சத்தண்ணி கூட பல்லுல படாது. உங்கம்மா கடியாரத்தப் பாத்துக்கினே இட்டிலிய மூடி வச்சிருப்பா."

பாயின்ட் இறங்கியது, அதுவும் நன்றாகவே. நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம்.

பிறகு கால். முதலில் பார்த்தது என் மகள் இனியா. நான்கு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற வயது. தாத்தாவிடம் அவளுக்கு இருக்கும் மொத்த உரையாடலும் "தாத்தா, சவா?" என்பதுதான். நலமா என்று கேட்கிறாள். அவரும் "சவா, சவா" என்பார். வேறு பேச்சு இல்லாததாலோ என்னவோ அவள் திரையைக் கவனமாகப் பார்ப்பாள். அப்பா போனைத் தரையில் தவலைமீது சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறவர். அதனால் எங்களுக்கு முகத்தைவிடக் கால்தான் அதிகம் தெரியும். தாத்தாவின் கால் ஏன் பெரிதாகிக்கொண்டே போகிறது என்று ஒருநாள் இனியா என்னைக் கேட்டாள், பிரெஞ்சில்.

வீங்கித்தான் இருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. தொடையில் பலமே இல்லை, வரப்பு ஏறமுடியவில்லை. சோதித்ததில் உடம்பில் பொட்டாசியம் குறைந்திருந்தது. உப்பைக் குறைத்து, அழுத்தத்துக்கு மாத்திரை சேர்த்துப் பார்த்தார்கள். அடுத்த மாதம் இன்னும் மோசம். நோயைக் கட்டுப்படுத்துகிறது, ஆனால் உங்கள் உடம்பு இந்த மருந்தை ஏற்கவில்லை போலிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். இதை நிறுத்திவிட்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கீமோ டிரிப்புக்குப் போகலாம், யோசித்து வைத்துக்கொண்டு அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்றார்.

அப்பா யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போனில் சொன்னார்.

"போதும்மா. வியாழக்கெழம போயி அந்த டாக்டரம்மாகிட்ட கையெடுத்துக் கும்புட்டு சொல்லிட்டு வந்துடறேன்."

"இன்னாப்பா சொல்ற? டிரிப்பு இருக்குதுல்ல."

"மாத்தரையவே தாங்காத ஒடம்பு டிரிப்பத் தாங்குமா? கரியமாணிக்கத்துல உங்க மாமன் ஏத்திக்கினாரு, பாத்தேன். நடக்கற வரிக்கும் நடந்துட்டுப் போறேன். ஊசியும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

அவர் கோபமாகவோ அழுதோ சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அறுப்பு முடிந்த வயலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அண்ணனிடம் போன் கைமாறியது.

"நீ அங்க குந்திக்கினு நெறைய படிச்சியே, இப்ப எதுனா சொல்லு," என்றான். "நான் தூக்கிக்கினு போவேன். வரமாட்டேன்னு சொல்ற ஆள எப்பிடித் தூக்கறது?"

4

ஏன் புறப்பட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது. புதியதற்கு விண்ணப்பித்து மாதங்கள் ஆகின்றன. கிடைத்திருப்பது, உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்கிற ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம். வெளியே போனால் திரும்பி விமானம் ஏற விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இங்கே கணவர் இருக்கிறார், குழந்தை இருக்கிறாள், வேலை இருக்கிறது.

அட்டை கொடுக்கும் அலுவலகத்தின் சன்னலில் இருந்த அம்மாளிடம் அப்பாவின் நோயைச் சொன்னேன். அவர் வருத்தம் தெரிவித்தார். பிறகு நான் எந்த ஊர் என்று கேட்டார். பாண்டிச்சேரி என்றதும் முகம் மலர்ந்தது. அப்படியானால் நீங்கள் பாதி எங்களவர்தானே என்றார். சிரித்து வைத்தேன். டவுனில் சில குடும்பங்களுக்கு அது பொருந்தும். எங்கள் ஊர்ப்பக்கம் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது கொம்யூன் என்கிற ஒரு சொல் மட்டும்தான். கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போய்த் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வார் அப்பா. அந்தச் சொல்லைத்தான் இங்கே முதல்நாள் பலகையில் பார்த்து, சொந்தக்காரரைக் கண்டதுபோல் நின்றேன். பாதி எங்களவர் என்ற அந்த அம்மாளோ, அட்டை எப்போது வரும் என்பதைத் தன்னால் சொல்லமுடியாது என்று முடித்துக்கொண்டார்.

ஆக வியாழக்கிழமைக்கு நான் ஊரில் இருக்கப் போவதில்லை.

5

செவ்வாய்க்கிழமை மறுபடி இரத்தம் கொடுக்கப் போனேன். இந்தமுறை தண்ணீர் மட்டும். டீ குடிக்காத காலையில் எனக்குத் தலை வலிக்கும். டிராமில் சன்னலோரம் உட்கார்ந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் அந்த ஊசிக்காரியோடு சண்டையைத் தொடர்ந்தேன். டீ எப்படிச் சாப்பாடு ஆகும்? எங்கள் ஊரில் கேட்டுப் பார். பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருக்கும்போது, ஒரே வேளைதான் உணவு என்று விரதம் பிடிக்கும் அந்த நாளில், அம்மா மூன்று தடவை காபி குடிப்பாள். ஒருசந்தி கெட்டுவிட்டது என்று ஒரு சாமியாரும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கிருத்திகைக்கு விரதம் இருந்தால் பாலும் பழமுமாக ஓடும். யாராவது வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால், இன்னும் இல்லை என்றுதான் சொல்வாள். பொய் இல்லை. சோறு சாப்பிடவில்லை. எங்களுக்குச் சாப்பிடுவது என்றால் சோறு, குறைந்தபட்சம் இட்லி. மற்றதெல்லாம் தொண்டை நனைப்பது.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவிடம் நான் ஒவ்வொரு ஞாயிறும் எந்தக் கேள்வியைக் கேட்டேன்? வெறும் வயிற்றில்தானே என்று. என் வயிறு வெறும் வயிறு என்று நேற்று நானே ஒரு பெண்ணிடம் சாதித்திருக்கிறேன்.

டிராமில் இருந்து இறங்கி, பரிசோதனைக்கூடத்துக்குப் போகாமல், நடைபாதையில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். ஊரில் மதியச் சமையல் நேரம்.

"ம்மா, அப்பா காலைல எழுந்ததுல இருந்து மாத்தர போடற வரிக்கும் இன்னா சாப்புடறாரு?"

"ஒண்ணும் சாப்புடறதில்ல."

"டீ?"

"டீ குடிக்கிறாரு. எழுந்ததும்."

"பால் ஊத்தியா?"

"நம்ம மாட்டுப் பாலுதான். ஏன், பவுடர் பாலா ஊத்துவாங்க?"

"டீயோட எதுனா?"

"ரெண்டு பொற. நனச்சித் தின்னுவாரு. அது இன்னா சாப்பாடா?"

பொறை என்பது எங்கள் பக்கத்துப் பேக்கரிகளில் கிடைக்கும் காய்ந்த ரொட்டி. டீயில் போட்டால் ஊறி உப்பும்.

"அப்பறம்?"

"அப்பறம் வயலப் பாத்துட்டு வருவாரு. வந்ததும் கூழு."

"கூழா?"

"கூழுதான். கேவுரு கூழு. மோரு ஊத்திக் கரச்சி ரெண்டு சொம்பு குடிப்பாரு. உடனே மாத்தர. அப்பறம் ஒரு மணி நேரம் இருந்துட்டு டிபனு. டாக்டரம்மா சொன்ன மாரியே."

"ம்மா, கூழக் குடிச்சிட்டு வெறும் வயித்துல போடறன்னு எப்பிடிச் சொல்றாரு?"

அம்மாவுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "குடிக்கிறதுதானடி அது. கூழ யாரு சாப்புட்டாங்க? பூசைக்கு நன்ம வாங்கப் போறப்பகூட டீயக் குடிச்சிட்டுத்தான் போறாரு. சாமியே ஒண்ணும் சொல்லல, மாத்தர இன்னா சொல்லப்போவுது?"

நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்குவதற்கு முன்னும் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. நடைபாதையில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்த மருந்தைப் பற்றிப் படித்ததில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். உணவோடு எடுத்தால் உடம்பில் சேரும் மருந்தின் அளவு பல மடங்கு ஏறலாம். கால் வீக்கம், இரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவது எல்லாம் அந்த மருந்து மிதமிஞ்சினால் வரக்கூடியவை என்றும் படித்திருந்தேன். அப்பாவின் உடம்பு மருந்தை ஏற்காமல் இல்லை. நாள்தோறும் அளவுக்கு மேல் ஏற்றுக்கொண்டிருந்ததோ என்னவோ.

"அப்பாகிட்ட குடும்மா."

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூழா?" என்றார்.

"கூழுதான்னு நான் அடிச்சிச் சொல்லலப்பா. இருக்கலாம். நீயா எதையும் மாத்தாத, நிறுத்தாத. அந்தோணிய வுட்டு இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணச் சொல்றேன். வியாழக்கெழம நீயே டாக்டரம்மாகிட்ட சொல்லு. காலைல இருந்து வாயில போறது எல்லாத்தயும். வெத்தல பாக்கு மொதக்கொண்டு."

"சிரிக்கும்மா அந்தப் பொண்ணு."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"இத்தினி மாசமா கேட்டாங்க, நானும் ஆமா ஆமான்னேன். பொய் சொன்ன மாரி ஆயிடுச்சே."

"நான்கூட நேத்து ஆஸ்பத்திரில வெறும் வயிறுன்னு சொல்லித் திரும்பி வந்தம்ப்பா. டீ குடிச்சிட்டு."

"நீயுமா?" என்றார். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. "நல்லாப் படிச்ச போ."

6

அண்ணன் போன் செய்ததும் செவ்வாய் மாலையே ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். வியாழன்று அப்பா வண்டியில் ஏறினார். எதற்கு ஏறினார் என்று அண்ணனுக்கே தெரியவில்லை. கும்பிட்டு முடித்துக்கொள்ளவா, கூழைச் சொல்லவா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனானாம். எனக்கு இங்கே விடிந்துகொண்டிருந்தது. இனியாவை எழுப்பிவிடாமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணனின் சட்டைப் பையில் இருந்த போன் வழியாக அந்த அறையைக் கேட்டேன்.

"யோசிச்சீங்களா அய்யா?" என்றார் டாக்டரம்மா.

நாற்காலி நகரும் சத்தம். அப்பா எழுந்து கும்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கூழு குடிச்சிட்டு மாத்தர போட்டுட்டேம்மா," என்றார் அப்பா. "இத்தினி நாளும். மோரு ஊத்தி. அதுக்கு முன்னாடி டீ, பொற. அது சாப்பாட்டுல சேராதுன்னு நெனச்சிட்டேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எவ்வளவு கூழ், எத்தனை மணிக்கு, நெய் எண்ணெய் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு பேனாவை மேசையில் வைக்கும் சத்தம்.

"எங்க அப்பாவும் அப்படித்தான். சர்க்கரைக்கு இரத்தம் எடுக்கப் போறப்ப ஹார்லிக்ஸ் குடிச்சிட்டுப் போவாரு," என்றார். "நான்தான் கேட்டிருக்கணும். வெறும் வயிறான்னு கேட்டேன், என்ன குடிச்சீங்கன்னு கேக்கல."

"வுடும்மா, உனுக்கு எத்தினி பேரு," என்றார் அப்பா.

பிறகு டாக்டரம்மா சொன்னதை அண்ணன் எனக்காகத் திரும்பக் கேட்டு வாங்கினான். காரணம் இதுதான் என்று இப்போதே அடித்துச் சொல்லமுடியாது. இதயமும் சிறுநீரகமும் பார்த்தாயிற்று, அவை நன்றாக இருப்பதால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம். பொட்டாசியமும் அழுத்தமும் சரியானதும் குறைந்த அளவில் தொடங்கி, முறைப்படி வெறும் வயிற்றில் கொடுத்துப் பார்ப்போம். தாங்கினால் டிரிப்பை இப்போது எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. அது பின்னால் தேவைப்படும்போது கையில் இருக்கும்.

"காலைல எழுந்ததும் மாத்திரை. தண்ணி மட்டும். ஒரு மணி நேரம் கழிச்சி டீ. கூழு அதுக்கப்புறம். முடியுமா அய்யா?"

"டீ குடிக்காம ஒரு மணி நேரம்," என்றார் அப்பா. கீமோவைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் குரல் இவ்வளவு இறங்கவில்லை.

"டிரிப்புக்கு இது தேவலாம்," என்றான் அண்ணன்.

"நீ சும்மா இருடா. உனுக்கு இன்னா தெரியும், காலைல டீ இல்லாத கஷ்டம்."

அவர் கும்பிட்டுச் சொல்ல நினைத்ததைச் சொல்லவே இல்லை.

7

மூன்று வாரத்தில் கால் வீக்கம் வற்றியது. நாங்கள் ஞாயிறுதோறும் பார்த்தோம், அவர் போனை வைக்கும் விதம் மாறாததால். பொட்டாசியம் ஏறி நின்றது. அழுத்தம் இறங்கியது. மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். அப்பா விடியலில் எழுந்து அதைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, டீக்குக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் இருப்பவர்களை எல்லாம் திட்டுகிறார் என்று அம்மா புகார் சொன்னாள். அதனால் அவளே வழி கண்டுபிடித்தாள். அந்த நேரத்தில் அவரை மாட்டுத் தொழுவத்துக்கு விரட்டிவிடுகிறாள். மாடு எதிர்த்துப் பேசுவதில்லையாம்.

போன வாரம் இரத்தச் சோதனை. பாயின்ட் இறங்கிய இடத்திலேயே நிற்கிறது.

எனக்கு மிகைப்படுத்த விருப்பம் இல்லை. எலும்பில் இருப்பது எலும்பில்தான் இருக்கிறது. இந்த மாத்திரையும் ஒருநாள் வேலை செய்வதை நிறுத்தும். எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று யாராலும் சொல்லமுடியாது. என் அட்டை இன்னும் வரவில்லை. இனியா இன்னும் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறாள். ஆனால் அப்பா இப்போது வரப்பு ஏறுகிறார். அண்ணன் அதைப் படம் எடுத்து அனுப்பினான், பின்பக்கத்திலிருந்து, அவருக்குத் தெரியாமல். அதை என் அலுவலக மேசையில் பக்கத்து மேசைக்காரிக்குக் காட்டினேன். ஒரு மனிதர் நடப்பதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு நான் விளக்கவேண்டியிருந்தது. விளக்கினேன்.

நேற்று ஞாயிறு. எல்லோரிடமும் பேசி முடித்து வைக்கப்போகும் நேரத்தில் அப்பா, இரு என்றார். அம்மா கோழிக்குத் தீனி போடப் போயிருந்தாள். அண்ணன் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அப்பா போனைக் கையில் எடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு திரையில் அவர் முகம் மட்டும் இருந்தது. கண்ணாடி போட்டிருந்தார்.

"இந்த மாத்தர கேக்காம போச்சின்னா, அப்பறம் அந்த டிரிப்புதான, ஸ்டெல்லா?"

"ஆமாப்பா."

"முடி கொட்டுமா?"

"கொட்டும்ப்பா. திரும்ப மொளைக்கும்."

"இருக்கறதே நாலு முடி, கொட்டட்டும். தாங்குமா ஒடம்பு?"

"மாமாவுக்கு வயசு அதிகம், அவரு ரொம்ப முத்திப்போன பெறவு ஏத்திக்கினாரு. நீ நடக்கறப்பவே எடுத்தா தாங்கறதுக்கு வாய்ப்பு அதிகம்ன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அளவு கொறச்சும் கொடுப்பாங்களாம்."

"சரி. அதுவும் கேக்காம போச்சின்னா?"

"வேற ஒரு டிரிப்பு இருக்குது."

"அதுக்கப்பறம்?"

அணுக்கதிர் மருந்தை ஊசியில் ஏற்றுவது ஒன்று இருக்கிறது, எலும்பில் ஒட்டியிருப்பதைத் தேடிப்போய்ச் சுடும், எல்லோருக்கும் பொருந்தாது, முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பொருந்துமா என்று பார்ப்பார்கள், சென்னைக்குப் போகவேண்டியிருக்கலாம் என்று சொன்னேன். விதை, விந்து, சுரப்பு என்று எல்லாச் சொல்லையும் தமிழிலேயே சொன்னேன். அவர் திரையைத் திருப்பவில்லை. மின்விசிறி வரவில்லை.

"அதுக்கும் அப்பறம்?" என்றார்.

"அதுக்கப்பறம் எனக்குத் தெரியலப்பா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"படிச்சி வையி," என்றார். "டைம் இருக்குது."